வாசற்படியில் செருப்பில்லாத வீடு

சென்ற மாதம் ஒரு நாள் காலை, சிரம்பான் லோபாக்கில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வக்கீலம்மாவின் மகள் வந்தாள். அம்மா தவறிப்போன பிறகு இப்போதுதான் அலமாரியை ஒழிக்க மனம் துணிந்ததாம். ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையை என் மேசைமீது வைத்து, “இத என்னா செய்றதுன்னு தெரியல ஆண்ட்டி. தூக்கிப் போடவும் மனசு வரல. நீங்களே வச்சிக்குங்க” என்றாள். பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. பையை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். வைத்ததும் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே யாரும் இல்லை, யாரும் வருவதாகவும் இல்லை. இருந்தாலும் அந்தப் பையைக் கண்டால் வாசலைப் பார்த்துவிட வேண்டும் என்று என் உடம்பு பழகிப்போயிருக்கிறது.

வக்கீலம்மாவிடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் நாங்கள் இருவர்தான். அவர் வாதாடுவார், நான் மற்ற எல்லாவற்றையும் செய்வேன். என்னைக் ‘கிராணி’ என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு நாற்காலியும் மின்விசிறியும் அதிகாரமும் உண்டு. எனக்கு நாற்காலி மட்டும் இருந்தது. தேநீர் கலப்பது, கோப்பு தைப்பது, வருகிறவர்களின் அழுகையைக் கேட்டு முடித்து அவர்களை உள்ளே அனுப்புவது எல்லாம் இந்தக் கிராணியின் வேலை. வீடு விற்பது, நிலம் வாங்குவது போன்ற வழக்குகளால் அலுவலகம் ஓடியது. ஆனால் படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் வேறு ரகம். கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்ட வங்காளதேசத்துப் பையன்கள் வருவார்கள். பர்மாவிலிருந்து வந்த பெண்கள் வருவார்கள். சண்டைக்குப் பிறகும் ஊரில் இருக்க முடியாமல் கடல் தாண்டிய இலங்கைத் தமிழர்கள் வருவார்கள். இவர்களிடம் அவர் கட்டணம் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்படி எழுதினால் அவர் பெரிய வீராங்கனை என்று தோன்றும். நான் கண்டவர்களிலேயே அதிகம் பயந்தவர் வக்கீலம்மாதான். நீதிமன்றம் போகும் நாளில் காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டார், இஞ்சித் தண்ணீர் மட்டும்தான். நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்க எந்த நீதிமன்றத்தில் எந்த மாடிக் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கார் கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிந்தால் போதும், ஓட்டுநர் உரிமம் கைப்பையில் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வார். சட்டம் படித்தவர், குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வைத்திருப்பவர், எந்தக் குற்றமும் செய்யாதவர். அப்படிப்பட்டவருக்கு இத்தனை பயம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

“இவ்வளோ பயந்துகிட்டு இந்தக் கேசெல்லாம் எதுக்கு மேடம்? வீடு வாங்குற கேச மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருக்கலாம் இல்ல?” என்று ஒரு முறை கேட்டேவிட்டேன்.

“பயமா இருக்குதான்லா. அதுக்காக விட்டுட்டா அவங்கள யாரு பாக்கறது?” என்றார்.

அந்தப் பயத்தின் வேர் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் அம்மா பிறந்ததும் வாழ்ந்ததும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரே லயத்தில். பிறந்ததை யாரும் பதியவில்லை, அதனால் எந்த நிற அட்டையும் கிடைக்கவில்லை. கணவன் பிள்ளைகளுக்கெல்லாம் அட்டை உண்டு, அவருக்கு மட்டும் இல்லை. ரப்பர் மரங்களுக்கிடையே அதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டால் அந்த அம்மா முதலில் செய்வது வாசற்படியில் கிடக்கும் தன் செருப்பை உள்ளே இழுத்துக்கொள்வதுதான். செருப்பில்லாத வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் போய்விடுவார்களாம். மகள் வக்கீலாகி, கட்டிய வீட்டில் குடிபுகுந்த பிறகும் அவர் செருப்பை வெளியே விடவில்லை. மகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் வக்கீலம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கைப்பையிலிருந்து அந்த மஞ்சள் பையை உருவி, அதற்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெடாஸ் தாண்டி உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அந்த இலங்கைத் தம்பதி இருந்தார்கள். தோட்டத்தில் இருந்த நம் ஆட்கள் டவுனுக்குப் போன பிறகு காலியாகக் கிடந்த பழைய லயத்தில், குத்தகைக்காரர் தன் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்தார். கடைசி வீடு இவர்களுடையது. மனைவி முதலில் வந்தவள், அவளுக்கு ஐ.நா. அகதி அட்டை கிடைத்துவிட்டது. கணவன் வேறு வழியாகப் பிறகு வந்து சேர்ந்தான். அவனுக்குக் கோலாலம்பூர் ஐ.நா. அலுவலகத்தில் நேர்காணல் நாள் கொடுத்திருந்தார்கள், அட்டை இன்னும் இல்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் அகதி என்று ஓர் ஆள் கிடையாது. அனுமதியோடு இருப்பவர், இல்லாமல் இருப்பவர், அவ்வளவுதான். அகதி அட்டையைப் பார்த்தால் பெரும்பாலான அதிகாரிகள் விட்டுவிடுவார்கள். அதுவும் இல்லாதவன் நேர்காணலுக்கு முன் பிடிபட்டால் லாக்கப், நீதிமன்றம், சிறை, ரோத்தான் பிரம்படி. அதன் பிறகு எந்த ஊரைவிட்டு ஓடிவந்தானோ அந்த ஊருக்கே விமானம். அந்த நாள் வரும்வரை அவனைப் பிடிபடாமல் காப்பதுதான் வக்கீலம்மாவின் கவலை. பகலெல்லாம் அதையே பேசினார். வேறு கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூடத் திடீரென்று நிமிர்ந்து, “அந்தத் தம்பி டவுனுக்கு வராம இருக்கானா?” என்று கேட்பார்.

முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோதே அவர் கண் வாசற்படியில்தான் விழுந்தது. பெண்ணின் செருப்புக்குப் பக்கத்தில், வார் அறுந்து கம்பியால் கட்டிய பெரிய நீலச் செருப்பு ஒரு சோடி கிடந்தது. “மொதல்ல அந்தச் சிலிப்பர உள்ள எடுத்து வைங்கம்மா. வெளிய இருக்கிற சிலிப்பர எண்ணிப் பாத்தே உள்ள எத்தன பேருன்னு கண்டுபிடிச்சிருவாங்க” என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள், ஆனால் அசையவில்லை. வீட்டில் இருந்தது ஒரு முன்னறையும் பின்னால் ஒரு அடுப்படியும்தான். முன்னறைச் சுவரில் நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய முருகன் படம் இருந்தது. அதன் கீழே பலகைத் தட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சாமி இருக்கிற இடத்தில செருப்பு வைக்கேலாது அக்கா” என்றாள்.

“அப்ப அடுப்படியில வைங்க.”

“சோறு சமைக்கிற இடத்திலயோ?” என்று அவள் உண்மையாகவே திகைத்தாள்.

அதன்பின் போனபோதெல்லாம் இதே பேச்சுதான். பையில் போடுங்கள் என்றார், கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள் என்றார். அங்கே கட்டிலே இல்லை. கடைசியில் வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீதிமன்றத்தில்கூட எழாத குரல் அன்று எழுந்தது. அந்தப் பெண் கோபிக்கவில்லை. விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டே, “எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் வந்தனாங்கள் அக்கா. இதையாவது விடாமல் இருப்பம்” என்றாள். வக்கீலம்மா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பி வரும்போது காரில், “புடிவாதம், சரியான புடிவாதம்” என்று ரெம்பாவ் போகும் சாலைச் சந்திப்பு வரைக்கும் முணுமுணுத்தார். எனக்கு இருவர் மேலும் கோபம். ஒரு செருப்புக்காக உயிரை வைத்து விளையாடுகிறார்களே என்று நினைத்தேன்.

நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனுடைய கதையைக் கோவையாக எழுதி வாங்கப் போயிருந்தோம். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கணவன் பாயில் உட்கார்ந்து, ஊரில் தன்னை யார் வந்து தேடினார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். லயத்தின் தொடக்கத்தில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் அடுத்தடுத்து அடித்துச் சாத்தப்பட்டன. அவன் சொல்லிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியில் விட்டான். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுப்படி வழியாகப் போய்விட்டான். பின்கதவு ஆடியது. அதற்கப்பால் செம்பனை மரங்களின் இருட்டு. அவன் வெறுங்காலோடு ஓடியிருக்கிறான் என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மூவரும் வாசலைப் பார்த்தோம். நீலச் செருப்பு படியில் கிடந்தது. அதை எடுக்க எட்டினால், வரிசையாக வீடு பார்த்து வருகிறவர்களின் கண்ணில் படும்.

குடிநுழைவுத் துறை அதிகாரிகள் அவசரப்படாமல் ஒவ்வொரு வீடாக வந்தார்கள். எங்களிடம் வந்தவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். அந்தப் பெண்ணின் அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். என் அடையாள அட்டையைக் காட்டினேன். வீட்டில் வேறு யார் என்று மலாயில் கேட்டார். அப்போது அவர் குனிந்து படியைப் பார்த்தார். அவளுடைய செருப்பு, என் செருப்பு, அந்தப் பெரிய நீலச் செருப்பு. வக்கீலம்மாவின் சப்பாத்துதான் வழக்கம்போல் உள்ளே பையில் இருந்ததே. “இனி சியாப்பா பூஞா?” என்றார். இது யாருடையது என்று கேட்கிறார். அந்தப் பெண் விளக்கைப் பார்த்தாள்.

வக்கீலம்மா எழுந்தார். மஞ்சள் பையை அரிசி வாளிக்குப் பின்னால் ஓசையில்லாமல் வைத்தார். பஞ்சாபி உடையின் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய், படியில் இறங்கி, அந்த நீலச் செருப்புக்குள் இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டார். அவருடைய கால் சிறியது. குதிகாலுக்குப் பின்னால் செருப்பு நான்கு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதிலேயே நடந்து அந்த இளைஞரின் முன்னால் போய் நின்றார். தன் வழக்கறிஞர் அட்டையை எடுத்துக் காட்டினார். பிறகுதான் பேசினார், அதுவும் அந்தப் பெண்ணின் அட்டையைப் பற்றி மட்டும், நிதானமான மலாயில். குரலில் நடுக்கம் இல்லை. கால்விரல்கள் மட்டும் அந்த வாரை இறுகப் பிடித்திருந்தன. இளைஞர் அவர் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று இன்றும் நான் நினைக்கிறேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் ஆட்களோடு வண்டிப் பக்கம் நடந்தார். வண்டியில் ஏறாமல் அங்கேயே நின்றார்.

அவர் நின்ற காரணத்தால் வக்கீலம்மா திரும்பி உள்ளே வர முடியவில்லை. அந்தச் செருப்போடேயே காருக்குப் போனார். நான் கோப்பை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். தோட்டத்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் காரை ஓரம் கட்டிக் கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் பொய் சொல்லல இல்ல?” என்று கேட்டார்.

“நீங்க வாயே தொறக்கல மேடம்.”

“தொறக்காட்டியும் பொய்தான கிராணி.”

நீதிமன்றத்தில் ஒரு தேதியைக்கூடத் தவறாகச் சொல்லப் பயப்படுகிறவர் அவர். அவன் அன்றிரவே வீடு திரும்பிவிட்டான் என்று அந்தப் பெண் தொலைபேசியில் சொன்ன பிறகும், அந்த வாரம் முழுவதும் இதே கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். சாமியார் என்ன சொன்னார் என்று திங்கட்கிழமை கேட்டேன். “சிலிப்பர் அளவு சரியா இருந்திச்சான்னு கேட்டாரு” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நேர்காணல் நாளில் அவரே காரில் அவனைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போனார். நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிய ஆமை வேகத்துக்குப் பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். டோல் சாவடி நெருங்கும்போதெல்லாம் ஜெபமாலையை வாயாலேயே சொன்னார். பின் இருக்கையில் அவன் பெடாஸ் சந்தையில் குத்தகைக்காரர் வாங்கிக்கொடுத்த புதுச் செருப்போடு, கையைத் தொடைகளுக்கு நடுவில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேர்காணல் முடிந்தது. பதில் வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நாங்கள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. எங்கள் கார் அங்கே நின்றால் அதுவே அடையாளமாகிவிடும் என்று வக்கீலம்மா பயந்தார். நீலச் செருப்பு கார் டிக்கியில் கிடந்தது. அவர் சப்பாத்து அந்த வீட்டில் கிடந்தது.

ஒருநாள் மதியம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். கோலாலம்பூரில் அட்டையை வாங்கிவிட்டானாம், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறானாம். வக்கீலம்மா தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மறுநாள் காலை, அட்டையைக் கோப்புக்கு நகல் எடுக்கவும் செருப்பைத் திருப்பிக் கொடுக்கவும் கிளம்பினோம். சிரம்பானில் ஒரு டப்பா லட்டு வாங்கினார். அவர் பாட்டு முணுமுணுத்து அன்றுதான் கேட்டேன். பெடாஸ் தாண்டும்போது ‘வருகிறோம்’ என்று சொல்லக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தோட்டத்துக்குள் லைன் சரியாகக் கிடைக்காது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

லயத்தின் கடைசி வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினோம். வாசற்படியில் ஒன்றுமே இல்லை.

அவளுடைய செருப்பும் இல்லை, அவனுடையதும் இல்லை. கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. துணிக்கொடியில் ஒரு துணி இல்லை. அண்டை வீடுகளிலும் ஆளில்லை, எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம். வக்கீலம்மா ஸ்டீயரிங்கை விடவில்லை. “கொண்டு போயிட்டாங்க” என்றார். நேற்று இரவா, இன்று காலையா, அட்டையைக் காட்டினானா, காட்டியும் கேட்கவில்லையா என்று என் தலை சுழன்றது. அந்தப் படியை அத்தனை வெறுமையாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. “தங்கச்சி, நாங்கதான். லோபாக்கிலேருந்து வந்திருக்கோம்” என்றேன். உள்ளே ஏதோ நகரும் ஓசை. தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு விரல் அகலம் திறந்து, அதில் அவள் கண் தெரிந்தது.

இருவரும் இருந்தார்கள். நல்லபடியாக இருந்தார்கள். அவன் புது அட்டையை இரண்டு கையாலும் எடுத்து வக்கீலம்மாவிடம் நீட்டினான். வக்கீலம்மா அதை வாங்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முருகன் படத்துக்குக் கீழே, விளக்குத் தட்டுக்கு நேர் அடியில், செருப்புகள் வரிசையாக இருந்தன. அவளுடையது, அவனுடைய புதுச் செருப்பு, பக்கத்தில் துடைத்துச் சுத்தமாக வக்கீலம்மாவின் கறுப்புச் சப்பாத்து. மஞ்சள் பை நான்காக மடித்து ஆணியில் செருகியிருந்தது. விளக்கு எரியவில்லை.

“நீங்கள் சொன்னது சரி அக்கா. வெளியில விட்டா எண்ணிப் பாப்பினம். அதுதான் எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்திட்டன்” என்றாள் அந்தப் பெண். நல்ல மாணவியைப்போல, பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னாள். “விளக்கும் ஏத்துறதில்லை. வெளிச்சம் தெரியும்.”

வக்கீலம்மா அழுதார். எதற்காக என்று அவர்கள் இருவருக்கும் புரியவில்லை, அட்டை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் புரிந்தது. மாதக் கணக்கில் கெஞ்சியும் கோபித்தும் அவர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அந்தப் பெண் கடைசிவரை பிடித்து வைத்திருந்த ஒன்றை விட்டுவிட்டாள், அதை விடவைத்ததில் தன் பங்கும் இருக்கிறது என்று வக்கீலம்மா அங்கே நின்று உணர்ந்தார். அவர் முன்னால் நின்றவள் அவருடைய அம்மாவைப்போல் ஆகிவிட்டாள். இதற்காகவா இத்தனை பாடுபட்டோம் என்று நானும் நினைத்தேன். அவர் குனிந்து செருப்புகளை எல்லாம் கையில் அள்ளினார். அவர்கள் பதறித் தடுத்தார்கள், கேட்கவில்லை. வெளியே போய் ஒவ்வொன்றாகப் படியில் வைத்தார். காரிலிருந்து நீலச் செருப்பையும் கொண்டுவந்து அவற்றோடு வைத்தார். உள்ளே வந்து, “வெளக்க ஏத்தும்மா” என்றார். நாங்கள் இருந்த நேரம் முழுவதும் கதவு திறந்தே இருந்தது. அவர் முதுகை வாசலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமலிருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவர் கழுத்தைப் பார்த்தால் தெரிந்தது. லட்டைச் சாப்பிட்டோம். யாருக்கும் ருசி தெரிந்திருக்காது.

அதன் பிறகு அவர் துணிந்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரமே வேறொரு வீட்டுக்குப் பையோடுதான் வந்தார், சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார். ஆனால் செருப்பை உள்ளே எடுத்து வைக்கும்படி யாரிடமும் அவர் பிறகு சொல்லவில்லை. அந்தத் தம்பதி சில காலம் கழித்துக் குளிர்நாடு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பனி விழுவதால் எல்லார் வீட்டிலும் செருப்பை உள்ளேதான் வைப்பார்கள் என்று அவள் ஒருமுறை தொலைபேசியில் சொன்னாளாம். அதற்கு மட்டும் வக்கீலம்மா சிரித்தார்.

இப்போது அலுவலகத்தில் புது வக்கீல் இருக்கிறார், சின்னப் பெண். நான் அதே நாற்காலியில் கிராணி. படியேறி வருகிறவர்களும் குறையவில்லை, ஊர்ப் பெயர்கள்தான் மாறுகின்றன. அவர்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். கீழே தெருவில் போகிற எவரும் அண்ணாந்தால் அந்த வரிசை தெரியும், எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். இருந்தும் உள்ளே எடுத்து வையுங்கள் என்று நானும் சொல்வதில்லை. மகள் பையைக் கொடுத்துவிட்டுப் போன அன்று மாலை, சிலர் இன்னும் உள்ளே காத்திருந்தபோது, நான் மேசைக்கு அடியிலிருந்து பையை எடுத்தேன். கறுப்புச் சப்பாத்தை வெளியே கொண்டுபோய் அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பூட்டும் நேரம்வரை அது அங்கேயே இருந்தது. நான் எழுந்து போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.